பெல்லாரி இரும்புத் தாது வழக்கு: கோர்ட் கண்காணிப்பால் நிலம் மீண்டதா?

கேள்வி இதுதான்: கர்நாடகத்தின் பெல்லாரியில் உச்ச நீதிமன்றம் இரும்புத் தாதுச் சுரங்கங்களை மூடியது, அபராதம் போட்டது, பிறகு திறந்தும் விட்டது. இதில் காடும் மலையும் தண்ணீரும் கொஞ்சமாவது மீண்டனவா, இல்லை பணம் வசூலானதோடு சரியா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அளக்க முடிந்த இடத்தில் கோர்ட் நன்றாகவே ஜெயித்தது. குத்தகை எல்லை எவ்வளவு தாண்டப்பட்டது, எத்தனை டன் தாது வெட்டப்பட்டது, எந்தக் குவியல் யாருடையது என்பதெல்லாம் அளக்கக் கூடியவை. காட்டை மீட்பதும் ஓடைகளைத் தூர்வாருவதும் அப்படி இல்லை. அதற்கு ஒரு நிர்வாகம் வேண்டும், அது தினமும் வேலை செய்ய வேண்டும். அங்கேதான் வழக்கு ஆண்டுக்கணக்கில் தேங்கியது. இனி கொஞ்சம் நீளமாகப் பார்க்கலாம்.

முதலில் இந்தத் திருட்டு எப்படிச் சாத்தியமானது? 2000-களில் சீனாவின் எஃகு ஆலைகள் கிடைத்த தாதுவையெல்லாம் வாங்கிக் குவித்தன. உலகச் சந்தையில் விலை எகிறியது. இங்கே அரசு வாங்கிய ராயல்ட்டியோ டன்னுக்கு இத்தனை ரூபாய் என்ற பழைய கணக்கில், பத்து இருபது ரூபாய் அளவில் கிடந்தது. 2009 ஆகஸ்டில்தான் அது விலையில் 10 சதவீதம் என்று மாறியது. வெட்டுகிற கூலி, லாரி வாடகை, துறைமுகச் செலவு எல்லாம் போக மிச்சமாக நின்ற தொகை அவ்வளவு பெரியது. அதில் ஒரு பங்கைக் கொடுத்தே வழியில் உள்ள எல்லாக் கைகளையும் நிரப்பிவிடலாம். ஒரு நடைக்குக் கொடுத்த பர்மிட் சீட்டில் பல நடை ஓடியது, அனுமதித்த எடைக்கு மேல் லாரியில் ஏற்றியது, பக்கத்துக் காட்டில் வெட்டிய தாதுவை லைசென்ஸ் உள்ள சுரங்கத்தின் கணக்கில் காட்டியது எனப் பல வழிகள். வழியில் யாரும் மறிக்க மாட்டார்கள் என்ற உத்தரவாதத்தோடு தாதுவைக் கொண்டு சேர்க்கும் ஏற்பாட்டுக்கு அங்கே ‘ஜீரோ ரிஸ்க்’ என்றே பெயர் இருந்தது.

இதையெல்லாம் பக்கம் பக்கமாகப் பதிவு செய்தவர் கர்நாடக லோக் ஆயுக்தாவாக இருந்த நீதிபதி சந்தோஷ் ஹெக்டே. அவருடைய முதல் அறிக்கை 2008 டிசம்பரிலும் இரண்டாவது 2011 ஜூலையிலும் வந்தன. 2006 முதல் 2010 வரை மட்டும் அரசுக்கு இழப்பு 16,085 கோடி ரூபாய் என்று இரண்டாவது அறிக்கை கணக்கிட்டது. அது வந்த சில நாட்களில் முதல்வர் எடியூரப்பா ராஜினாமா செய்தார். ஓபுலாபுரம் மைனிங் கம்பெனியின் அதிபர் காலி ஜனார்த்தன ரெட்டியை செப்டம்பரில் சி.பி.ஐ. கைது செய்தது. அரசியல் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன்.

உங்கள் கேள்விக்கு வேண்டியது இன்னொரு கதை. தார்வாடைச் சேர்ந்த எஸ்.ஆர்.ஹிரேமத்தின் ‘சமாஜ பரிவர்த்தன சமுதாய’ என்ற அமைப்பு 2009-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. லோக் ஆயுக்தா தந்தது அறிக்கை. அதைக் கிடப்பில் போட அரசால் முடியும். ரிட் மனு அப்படி இல்லை, அதில் கோர்ட் போடும் உத்தரவை அரசு கேட்டே ஆக வேண்டும். அந்த மனுவில்தான் 2011 ஜூலை 29 அன்று பெல்லாரி மாவட்டம் முழுக்கச் சுரங்க வேலை நிறுத்தப்பட்டது. ஆகஸ்ட் 26 அன்று தடை சித்திரதுர்கா, தும்கூர் மாவட்டங்களுக்கும் நீண்டது. ஆலைகள் படுத்துவிடக் கூடாது என்று பொதுத்துறை நிறுவனமான என்.எம்.டி.சி. மட்டும் மாதம் 10 லட்சம் டன் வெட்ட அனுமதிக்கப்பட்டது.

கோர்ட்டுக்குக் கண்ணும் கையுமாக இருந்தது மத்திய அதிகாரக் குழு. கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில், காடு சம்பந்தமான விவகாரங்களை நேரில் ஆராய்ந்து சொல்ல 2002-ல் உச்ச நீதிமன்றம் அமைத்தது இது. அந்த வழக்கே நம் கூடலூர் பக்கத்துக் காடுகளைப் பற்றித் தொடங்கியதுதான். இந்தக் குழு பெல்லாரியில் செய்த முதல் காரியம், சுரங்கம் ஒன்று விடாமல் அளக்கச் சொன்னது. சுரங்கத் துறை, வனத்துறை, வருவாய்த் துறை ஆட்களைச் சேர்த்துக் கூட்டு அளவைக் குழுக்கள் போடப்பட்டன. குத்தகைப் பத்திரத்தோடு உள்ள வரைபடத்தை வைத்துக்கொண்டு, பள்ளம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, கழிவு மண் எங்கே கொட்டப்பட்டிருக்கிறது, சாலை யார் நிலத்தில் போகிறது என்று கருவி வைத்துக் குறித்தார்கள். கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் எல்லைக் கற்களே பிடுங்கி எறியப்பட்ட ஊர் அது. கர்நாடக–ஆந்திர மாநில எல்லையே எங்கே என்று தகராறு வரும் அளவுக்கு அடையாளங்கள் அழிக்கப்பட்டிருந்தன.

அளவெடுப்பு முடிந்ததும் 166 குத்தகைகள் மூன்றாகப் பிரிக்கப்பட்டன. மீறல் இல்லாத, அல்லது பெயரளவுக்கே உள்ள 45 குத்தகைகள் ஏ பிரிவு. குத்தகைக்கு வெளியே தோண்டிய பள்ளம் குத்தகைப் பரப்பில் 10 சதவீதம் வரை, கொட்டிய கழிவு மண் 15 சதவீதம் வரை என்றால் பி பிரிவு, அதில் 72. அதற்கு மேல் போனவர்களும் வனச் சட்டத்தை மீறியவர்களும் சி பிரிவு. அதில் 49, பின்னர் இரண்டு சேர்ந்து 51. 2013 ஏப்ரல் 18 அன்று வந்த தீர்ப்பு சி பிரிவுக் குத்தகைகளை மொத்தமாக ரத்து செய்தது. நீதிபதிகள் அஃப்தாப் ஆலம், கே.எஸ்.ராதாகிருஷ்ணன், ரஞ்சன் கோகோய் அடங்கிய அமர்வு அது.

இந்த 10, 15 சதவீதக் கோடு எந்த அறிவியலில் இருந்து வந்தது என்று கேட்டால் பதில் கிடையாது. 9 சதவீதம் தாண்டியவன் அபராதம் கட்டித் தப்பினான், 11 சதவீதம் தாண்டியவன் குத்தகையை இழந்தான். சுரங்கக்காரர்களின் வக்கீல்கள் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். சட்டப்படி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டாமா என்று கேட்டார்கள். கோர்ட் ஏற்கவில்லை. அழிவு இந்த அளவுக்குப் போனபோது வழக்கமான அதிகாரிகளும் வழக்கமான சட்ட நடைமுறையும் போதவில்லை, அதனால்தான் அசாதாரண வழி என்றது. எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. ஆனாலும் 166 தனி விசாரணை நடத்தியிருந்தால் முதல் மேல்முறையீடு முடிவதற்குள் மலை காலியாகியிருக்கும் என்பதையும் மறுக்க முடியாது.

அபராதக் கணக்கும் அளவை வைத்தேதான். குத்தகைக்கு வெளியே தோண்டிய பள்ளத்துக்கு ஹெக்டேருக்கு 5 கோடி ரூபாய். வெளியே கொட்டிய கழிவு மண், போட்ட சாலை, கட்டிய அலுவலகம் போன்றவற்றுக்கு ஹெக்டேருக்கு 1 கோடி. இரண்டு ஹெக்டேர் பள்ளமும் மூன்று ஹெக்டேர் குவியலும் வெளியே வைத்திருந்த ஒருவர் 13 கோடி கட்டினால்தான் மறுபடி சுரங்கத்தைத் திறப்பது பற்றிப் பேசவே முடியும். தாது விற்ற பணத்திலும் கை வைக்கப்பட்டது. தடைக்கு முன் வெட்டிக் குவித்திருந்த சுமார் 2.5 கோடி டன் தாதுவை, கோர்ட் அமைத்த கண்காணிப்புக் குழுவே இ–ஏலத்தில் விற்றது. ஏ, பி பிரிவுக்காரர்களின் விற்பனையில் 10 முதல் 15 சதவீதம் பிடித்து வைக்கப்பட்டது. சி பிரிவுக்காரர்களின் பணம் முழுக்க மறுசீரமைப்பு நிதிக்குப் போனது.

இந்த இ–ஏலம்தான், என் கணிப்பில், முழு வழக்கிலும் அதிகம் வேலை செய்த கருவி. வெட்டிய தாதுவைத் தரம் பிரித்துக் குவியல் குவியலாக அடுக்க வேண்டும். ஒவ்வொரு குவியலுக்கும் எண், எடை, இரும்புச் சத்து. மாதிரி எடுத்துச் சோதித்த முடிவைப் போட்டுத்தான் ஏலம். வாங்கியவர் பணத்தைக் குழுவின் கணக்கில் கட்டிய பிறகே பர்மிட். லாரி எடைமேடையில் ஏறி இறங்கிய கணக்கு அந்தக் குவியலின் கணக்கோடு பொருந்த வேண்டும். சுரங்கத்துக்காரருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் ரகசிய பேரத்துக்கு இடமில்லை. ‘ஜீரோ ரிஸ்க்’ வியாபாரத்தின் அடிமடியிலேயே இது கை வைத்தது. 2022 மே மாதம், இந்தக் கட்டாய ஏலத்தை நீக்கி நேரடி விற்பனைக்கும் ஏற்றுமதிக்கும் உச்ச நீதிமன்றமே அனுமதி கொடுத்துவிட்டது. நிலைமை சீராகிவிட்டது, மற்ற மாநிலங்களுக்கு இணையாகக் கர்நாடகச் சுரங்கங்களையும் நடத்த வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

அப்புறம் உற்பத்தி உச்சவரம்பு. பெல்லாரிக்கு ஆண்டுக்கு 2.5 கோடி டன், சித்திரதுர்காவுக்கும் தும்கூருக்கும் சேர்த்து 50 லட்சம் டன். ஆக 3 கோடி டன். இதற்குள் ஒவ்வொரு சுரங்கத்துக்கும் தனி வரம்பு. மண்ணுக்கடியில் எவ்வளவு தாது மிச்சம், கழிவு மண் கொட்ட எவ்வளவு இடம், அந்தச் சாலை எவ்வளவு லாரி தாங்கும் என்று மூன்றையும் பார்த்து, எது குறைவோ அதுதான் அந்தச் சுரங்கத்தின் அளவு. தாது ஏராளமாக இருக்கலாம்; கொட்ட இடமில்லை என்றால் வெட்ட முடியாது. இது நல்ல யோசனை. சுரங்கத்தின் கேடு பெரும்பாலும் தாதுவை எடுப்பதைவிட மற்றதைக் கொட்டுவதில்தான் நடக்கிறது.

இங்கே மண்ணுக்கு வருவோம். பெல்லாரிப் பக்கத்துச் சண்டூர் மலைத்தொடரில் தாது மலையின் முதுகில் இருக்கிறது. மேலே பள்ளம், பக்கச் சரிவில் கழிவு மண். கட்டுப்பாடில்லாமல் கொட்டிய குவியல் மழை வந்தால் அப்படியே கரைந்து ஓடைக்குள் இறங்கும். ஓடை சிவக்கும், கீழே வயலில் நுண்மண் படியும், குளம் தூர்ந்துபோகும். அதற்கும் கீழே துங்கபத்திரை அணை இருக்கிறது. ஆகவே திறக்க விரும்பிய ஒவ்வொரு குத்தகைக்கும் தனியாக ஒரு சீரமைப்பு–மறுவாழ்வுத் திட்டம் தயாரிக்கும் வேலை டேராடூனில் உள்ள இந்திய வன ஆராய்ச்சி, கல்வி கவுன்சிலிடம் போனது. திட்டத்தில் என்ன இருக்கும்? குவியலின் சரிவைக் குறைத்துப் படிப்படியாக வெட்டுவது, அடியில் கல்லால் தடுப்புச் சுவர், சுற்றி மழைநீர் வாய்க்கால், சரிவில் தேங்காய் நார் விரிப்பு போட்டுப் புல்லும் செடியும் வளர்ப்பது, ஓடை தொடங்கும் இடத்தில் கல் அடுக்கிய சிறு தடுப்புகள், அதற்குக் கீழே வண்டல் படிய ஒரு குட்டை, சாலையோரம் மரங்கள், தூசுக்குத் தண்ணீர் தெளிப்பு. இதை நிறைவேற்றி, கண்காணிப்புக் குழு பார்த்து, மத்திய அதிகாரக் குழு சரி என்று சொன்ன பிறகுதான் சுரங்கம் திறக்கும். ஏ பிரிவில் முதல் தொகுதிச் சுரங்கங்களுக்கு 2012 செப்டம்பரில் அனுமதி கிடைத்தது.

இந்தப் பகுதி பலன் தந்தது. காரணம் சுலபம்: வேலையை முடிக்காவிட்டால் சுரங்கம் திறக்காது, திறக்காவிட்டால் காசு வராது. இதே தர்க்கத்தின் மறுபக்கத்தையும் பாருங்கள். குத்தகை ரத்தான இடத்தில் யார் தடுப்புச் சுவர் கட்டுவது? பழைய குத்தகைக்காரருக்கு இனி அங்கே எதுவும் கிடைக்காது. புதிய ஏலதாரர் வரும்வரை பள்ளமும் குவியலும் அப்படியே மழை வாங்கும். மிக மோசமாக மீறப்பட்ட இடங்கள்தான் மிக அதிக காலம் அநாதையாகக் கிடந்தன. குத்தகையை ரத்து செய்யும் தீர்ப்புகளைப் படிக்கும்போதெல்லாம் நான் முதலில் தேடுவது இதைத்தான்: மறுநாள் காலையிலிருந்து அந்தப் பள்ளத்துக்கு யார் பொறுப்பு?

குத்தகைகளுக்கு வெளியே நடந்த சேதம், அதாவது ஊர்ச் சாலை, ஓடை, குளம், நிலத்தடி நீர், மக்களின் நுரையீரல், இதற்கெல்லாம்தான் பிடித்து வைத்த பணம். அதைச் செலவழிக்க ஒரு சிறப்பு அமைப்பு வேண்டும் என்று கோர்ட் சொல்லி, 2014-ல் கர்நாடக சுரங்கச் சுற்றுச்சூழல் மறுசீரமைப்புக் கழகம் உருவானது. திட்டம் எழுதுவது, திருப்பி அனுப்புவது, மாற்றி எழுதுவது, ஆட்சேபம் கேட்பது என்று ஆண்டுகள் ஓடின. பல ஆயிரம் கோடி ரூபாய் வங்கியில் வட்டி போட்டுக்கொண்டிருந்தது. கிட்டத்தட்ட 25,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2022-ல்தான் கோர்ட்டின் ஒப்புதல் வந்தது. மேற்பார்வைக்கு ஓய்வு பெற்ற நீதிபதி பி.சுதர்சன் ரெட்டி நியமிக்கப்பட்டார். தடை போட்ட நாளிலிருந்து பார்த்தால் 11 ஆண்டு. அன்று பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை நெருங்கியிருக்கும்.

இந்தத் தாமதத்துக்கு அரசை மட்டும் திட்டுவது எனக்கு உடன்பாடில்லை. இவ்வளவு பெரிய தொகையை அரசிடம் சும்மா கொடுத்தால் எங்கே போகும் என்ற பயம் கோர்ட்டுக்கு நியாயமாகவே இருந்தது. திருட்டு நடந்ததே அரசின் கண் முன்னால்தானே. அந்தப் பயத்தால் பணத்துக்குப் பூட்டு மேல் பூட்டு. இப்போதும் என் சந்தேகம் திட்டத்தின் உள்ளடக்கத்தில்தான். அதில் குடிநீர், மருத்துவமனை, பள்ளி, வீடு, சாலை, ரயில் பாதை எல்லாம் உண்டு. எல்லாமே தேவைதான். ஆனால் இவை எந்த மாவட்டத்திலும் அரசு தன் பட்ஜெட்டில் செய்ய வேண்டியவை. சுரங்க நிதி வந்துவிட்டது என்று வழக்கமான ஒதுக்கீடு குறைந்தால், சேதத்துக்கு வாங்கிய பணம் சேதத்துக்குப் போகவில்லை என்றுதான் பொருள். காட்டுக்கும் ஓடைக்கும் வயலுக்கும் தனியாக எவ்வளவு செலவாகிறது என்று கேட்க வேண்டும். கட்டடம் படத்தில் தெரியும், திறப்பு விழா நடத்தலாம். ஓடையில் கல் அடுக்கியதற்கு யாரும் ரிப்பன் வெட்ட வர மாட்டார்கள்.

மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். கோவாவில், சட்டவிரோதச் சுரங்கங்களை விசாரித்த நீதிபதி எம்.பி.ஷா கமிஷன் அறிக்கைக்குப் பிறகு 2012-ல் தடை வந்தது. கோவா பவுண்டேஷன் என்ற தன்னார்வ அமைப்பு தொடுத்த வழக்கில் 2014 ஏப்ரல் 21 அன்று வந்த தீர்ப்பு, எல்லாக் குத்தகைகளும் 2007 நவம்பர் 22-லேயே காலாவதி என்றது. ஆண்டு வரம்பு 2 கோடி டன். விற்பனையில் 10 சதவீதம் வருங்காலத் தலைமுறைக்கான நிரந்தர நிதிக்கு. மாநில அரசோ 88 குத்தகைகளை மறுபடி புதுப்பித்துக் கொடுத்தது. 2018 பிப்ரவரியில் அதையும் கோர்ட் ரத்து செய்தது. ஒடிசாவில், காமன் காஸ் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் 2017 ஆகஸ்ட் 2 அன்று உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழல் அனுமதிக்கு மேல் வெட்டிய தாதுவின் விலை முழுவதையும், 100 சதவீதம், திருப்பிக் கட்டச் சொன்னது. பெல்லாரியில் நிலத்தை அளந்தார்கள், ஒடிசாவில் டன்னை. பணம் வசூலிக்க ஒடிசா வழி சுலபம், கம்பெனி தானே தாக்கல் செய்த கணக்கே சாட்சி. நிலத்தைச் சீராக்க அந்தத் தீர்ப்பு அவ்வளவாக உதவவில்லை. 2020 ஜனவரியில், வெட்டி முடித்த குத்தகைப் பரப்பில் கால்நடைத் தீவனமும் செடிகொடிகளும் வளரும்படி மறுபடி புல் வளர்ப்பதைக் குத்தகை நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும் என்று அதே காமன் காஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தனியாக உத்தரவிட வேண்டியிருந்தது.

எல்லாவற்றிலும் பழையது கர்நாடகத்தின் குதிரேமுக் இரும்புத் தாதுச் சுரங்க வழக்கு. தேசியப் பூங்காவுக்குள் இருந்த அந்தச் சுரங்கத்தை 2005 முடிவோடு மூடச் சொல்லி 2002 அக்டோபரில் தீர்ப்பு வந்தது, மூடவும் செய்தார்கள். பத்ரா ஆற்றில் செம்மண் கலந்து ஓடியது நின்றது. அந்த அளவுக்கு அது முழு வெற்றி. ஆனால் தாதுக் கழிவைத் தேக்கி வைத்த லக்யா அணை இன்னும் மேற்குத் தொடர்ச்சி மலையில் நிற்கிறது. அந்தச் சுரங்கத்தை நடத்திய அதே நிறுவனம் சண்டூரில் தேவதாரி மலைக் காட்டில் புதிய சுரங்கம் கேட்டபோது, குதிரேமுக்கில் செய்த சேதத்துக்கு முதலில் பதில் சொல் என்று 2024-ல் கர்நாடக வனத்துறை அமைச்சர் நிலத்தைக் கொடுக்க மறுத்தார்.

ஒரு சின்ன விலகல், சென்னைக்காரர்களுக்காக. பெல்லாரித் தாது கப்பலேறிய துறைமுகங்களில் சென்னையும் ஒன்று. ராயபுரம் பக்கத்து வீடுகளில் தூசு படிந்த கதை அதன் வால்தான். நிலக்கரியையும் இரும்புத் தாதுவையும் சென்னைத் துறைமுகத்தில் கையாளக் கூடாது, எண்ணூருக்கு மாற்றுங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது அதே 2011-ல்தான். வடசென்னையின் இன்னொரு பகுதிக்குத் தூசு இடம் மாறியது. சீரமைப்பு என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போதைய நிலை என்ன? உச்சவரம்பு 2017-ல் 3.5 கோடி டன்னாகவும், 2022 ஆகஸ்டில் 5 கோடி டன்னாகவும் உயர்ந்தது: பெல்லாரிக்கு 3.5 கோடி, மற்ற இரண்டு மாவட்டங்களுக்கு 1.5 கோடி. ஒரு காலத்தில் சாலையும் கொட்டும் இடமும் தாங்குமா என்று பார்த்து வைத்த எண் அது. இந்த உயர்வுக்கு ஏற்ப லாரிப் போக்குவரத்து குறைந்து கன்வேயரும் ரயிலும் வந்தனவா, தனித்தனிச் சுரங்கங்களில் தடுப்புகள் பராமரிக்கப்படுகின்றனவா என்பதுதான் இனி கேட்க வேண்டியது. கட்டிய வருடம் எல்லாத் தடுப்பும் அழகாகத்தான் இருக்கும். இரண்டு மழைக்காலத்தில் பின்னால் வண்டல் நிரம்பிவிடும். அள்ளாவிட்டால் மூன்றாவது மழையில் தண்ணீர் மேலேறிப் போகும், தடுப்பு இருந்தும் இல்லாததுபோல.

நீங்கள் இதைப் பின்தொடர விரும்பினால் பத்திரிகைச் செய்தியில் வரும் கோடிக் கணக்கை விட்டுவிடுங்கள். குத்தகைகளுக்கான சீரமைப்புத் திட்டங்களும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுரங்கங்கள் தாக்கல் செய்ய வேண்டிய சுற்றுச்சூழல் நிபந்தனை அறிக்கைகளும் கேட்டால் கிடைக்கக் கூடியவை. தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒரு குத்தகையை எடுத்துக்கொண்டு, திட்டத்தில் எத்தனை தடுப்பு, எத்தனை மீட்டர் வாய்க்கால் என்று எழுதியிருக்கிறது, கடைசி அறிக்கையில் எத்தனை முறை வண்டல் அள்ளியதாகச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். பிறகு அதே இடத்தின் செயற்கைக்கோள் படத்தை மே மாதத்திலும் நவம்பரிலும் திறந்து, குவியலுக்குக் கீழே ஓடை என்ன நிறத்தில் இருக்கிறது என்று ஒப்பிடலாம்.